எங்கள் தண்ணீரில் ஊறாத பொடி

பிளாஸ்டிக் படித்த பெண் என்றுதான் எங்கள் ஊரில் என்னைச் சொல்வார்கள். செஞ்சியிலிருந்து அவலூர்பேட்டை போகும் சாலையில் இறங்கி உள்ளே நடக்க வேண்டிய ஊர். பாலிமர் வேதியியலில் முனைவர் பட்டம் என்று ஒருமுறை விளக்கப் பார்த்தேன். எதிர்வீட்டு அத்தை பொறுமையாகக் கேட்டுவிட்டு, உள்ளே போய் விரிசல் விட்ட குடம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "இத ஒட்டித் தர முடியுமா பாரு" என்றாள். முடியாது என்றேன். "அப்பறம் இன்னாத்துக்கு இத்தினி வருஷம் படிச்ச?" என்று கோபமே இல்லாமல் கேட்டாள்.

நான் குடம் ஒட்டப் படிக்கவில்லை. தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும் ஒரு பொடியைச் செய்யப் படித்தேன். குழந்தைகளின் டயப்பருக்குள் இருப்பது அந்த வகைப் பொடிதான். மண்ணில் கலந்துவிட்டால், ஈரம் கிடைக்கும்போது ஊறி உப்பிக்கொள்ளும். மண் காயும்போது வேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். சொல்லும்போதே நாக்கில் தண்ணீர் ஊறும், மானாவாரி விவசாயிக்கு.

இதை ஆராய்ச்சிக்கு எடுத்ததே நைனாவுக்காகத்தான். அப்பாவை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். எங்களுக்கென்று நிலம் இருந்ததில்லை. எங்கள் வம்சத்தில் எல்லோரும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். நைனாதான் முதன்முதலாகக் குத்தகைக்கு எடுத்து மல்லாட்டை போட்டவர். மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. பூ எடுக்கும் சமயத்தில் மழை கைவிட்டால் அந்தப் பட்டத்து விளைச்சலே போச்சு. போர் என்கிற ஆழ்துளைக் கிணறு இருக்கிறது, ஆனால் தண்ணீர் அவ்வளவும் உப்பு. சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. பருப்பு வேக வைப்பதற்கென்றே அம்மா கேன் தண்ணீர் வாங்குகிறாள்.

சென்னையில் ஆய்வகத்தில் சேர்ந்தபோது எல்லோரும் செய்ததை நானும் செய்தேன். பொடியை டீ பை போன்ற சின்னப் பையில் போட்டு, காய்ச்சி வடித்த தண்ணீரில் முக்கி வைக்க வேண்டும். ஊறியபின் தொங்கவிட்டு, சொட்டுவது நின்றதும் எடை பார்க்க வேண்டும். தன் எடையைப்போல் எத்தனை மடங்கு தண்ணீரைப் பொடி குடித்தது என்பதுதான் கணக்கு. பல நூறு மடங்கு வரும். ஒரு சிட்டிகைப் பொடி பை கொள்ளாமல் உப்பி நிற்கும். முதல்முறை பார்க்கிறவர் யாராக இருந்தாலும் வாயைப் பிளப்பார்கள். நானும் பிளந்தேன்.

ஒரு அமாவாசைக்கு ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது, நிலத்து போர் தண்ணீரைப் பழைய எண்ணெய் டப்பாவில் பிடித்துக்கொண்டு போனேன். மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும் கூட்டத்தில் பேருந்தில் நிற்கவும் இடமில்லை. டப்பா காலை இடித்துக்கொண்டே வந்தது. "இன்னாம்மா, அம்மன் தீர்த்தமா? இத்தினியா?" என்றார் நடத்துனர். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். உப்புத் தண்ணீரைச் சென்னைக்குக் கொண்டுபோகிறேன் என்று சொல்லியிருந்தால் அதற்கும் லக்கேஜ் போட்டிருப்பார்.

அந்தத் தண்ணீரில் போட்டதும் பொடியின் வண்டவாளம் தெரிந்துவிட்டது. நூறு மடங்கைக்கூடத் தொடவில்லை. பையின் அடியில் கஞ்சி மாதிரி கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. காரணம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. இந்தப் பொடி நீண்ட சங்கிலிகளால் ஆனது. சங்கிலி முழுக்க ஒரே வகை மின்சுமை இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விலகி நிற்கும். அந்த இடைவெளியில் தண்ணீர் போய் உட்காரும். உப்புத் தண்ணீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து வந்து சங்கிலிகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டால் தண்ணீருக்கு இடமில்லை. எங்கள் வீட்டுப் பருப்பை வேகவிடாமல் செய்வதும் அதே சுண்ணாம்புதான். துறையில் இருக்கும் அத்தனை பேருக்கும் இது தெரியும். தெரிந்துகொண்டே காய்ச்சி வடித்த தண்ணீரில் அளந்து அளந்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த ஒரு விஷயத்தோடுதான் என் இளமையில் நல்ல பகுதி மல்லுக்கட்டியே போனது. சுண்ணாம்புக்கு லேசில் பிடி கொடுக்காத வேறொரு மூலப்பொருளைச் சங்கிலியில் சேர்த்தேன். சேர்த்த விதம் சரியாக வராமல் திரிந்துபோகும்; மறுபடி செய்வேன். விடுதியில் என் அறைத்தோழிகளுக்குக் கல்யாணம் ஆகி, குழந்தை பிறந்து, பெயர் வைத்து, அழைப்பு வந்து, நான் போகாமலிருந்த நாட்களெல்லாம் அதில்தான் கழிந்தன. கடைசியில் ஒருநாள் நான் நினைத்தது வந்தது. காய்ச்சி வடித்த தண்ணீரில் என் பொடி மற்றவர்களுடையதில் பாதிதான் ஊறியது. ஆனால் எங்கள் போர் தண்ணீரில் மற்றதெல்லாம் படுத்துவிட, இது பெரிதாகக் குறையாமல் நின்றது. ஆய்வகத்தில் யாரும் இல்லாததால் வாய்விட்டுச் சிரித்தேன். அப்படி ஒரு சந்தோஷம் அதற்குப் பிறகு எனக்கு வரவே இல்லை.

என் வழிகாட்டிப் பேராசிரியரிடம் கொண்டுபோனேன்.

"எத்தனை மடங்கு?" என்றார். சொன்னேன். "கம்மியா இருக்கேம்மா."

"காய்ச்சி வடிச்ச தண்ணியில கம்மிதான் சார். போர் தண்ணியில மத்தது எதுவும் நிக்கல, இது நிக்குது."

"எந்த போர்?"

"எங்க நிலத்து போர் சார். செஞ்சி பக்கம்."

கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "உங்க ஊர்த் தண்ணியை வச்சு உலகத்துக்குப் பேப்பர் எழுத முடியாது. நாளைக்கு ராமநாதபுரத்துக்காரன் அவன் ஊர்த் தண்ணியைத் தூக்கிட்டு வருவான். காய்ச்சி வடிச்ச தண்ணிதான் எல்லாருக்கும் பொது."

எந்தச் செடிக்கும் யாரும் காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றி நான் பார்த்ததில்லை. அவரிடம் அதைச் சொல்லும் இடத்தில் நான் இல்லை. எழுந்தபோது, "உங்களை மாதிரி பிள்ளைங்களுக்கு ஃபீல்டு ஒர்க் நல்லா வரும். தியரிதான் கொஞ்சம் கவனிக்கணும்" என்று அன்பாகச் சொன்னார். உங்களை மாதிரி என்றால் யாரை மாதிரி என்று நான் கேட்கவில்லை. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

என் ஆய்வேட்டில் போர் தண்ணீர் முதலில் ஒரு தனி அத்தியாயமாக இருந்தது. திருத்தத்தில் ஒரு பத்தி ஆனது. அடுத்த திருத்தத்தில் அந்தப் பத்தியும் போனது. கட்டுரையை அனுப்பிய இதழ்களிலிருந்து ஒரே பதில்: ஏற்கெனவே வந்திருக்கும் பொடிகளோடு ஒப்பிட்டால் இது குறைவாக ஊறுகிறது, இதில் புதுமை என்ன?

எனக்கு இரண்டு வருடம் பின்னால் சேர்ந்த ஒருவன் அதே பேராசிரியரிடம் வழக்கமான பொடியையே கொஞ்சம் மாற்றிச் செய்து, காய்ச்சி வடித்த தண்ணீரில் பெரிய எண் ஒன்றை எடுத்தான். பத்திரிகையில் படம் வந்தது. அவன் நல்லவன்தான். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வாங்கிக்கொண்டு வந்து விடுதி வாசலில் கொடுத்துவிட்டுப் போனான். அதுதான் இன்னும் எரிச்சல். கெட்டவனாக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

அங்கேயே நிரந்தர விஞ்ஞானி வேலை ஒன்று வந்தது. இருவரும் போனோம். தேர்வுக் குழுவில் ஒருவர், "உங்க ஜெல் அதிகபட்சம் எவ்வளவு உறிஞ்சும்?" என்று கேட்டார். சொல்லிவிட்டு, "ஆனா சார், கடினத் தண்ணீர்ல" என்று ஆரம்பித்தேன். "அதிகபட்சம்தான் கேட்டேன்" என்று சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். வேலை அவனுக்குப் போயிற்று. இனிப்புப் பெட்டியோடு வந்து, "உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான்கா எல்லாம்" என்றான். அந்த இனிப்பைத் தின்றேன். தின்னாமல் என்ன செய்வது?

அதன்பிறகு ஒரு திட்டம் முடிய இன்னொரு திட்டம் என்று தற்காலிக வேலைகள். குழாய் கம்பெனி ஒன்றில் கொஞ்சகாலம், குழாய் உடைகிறதா என்று உடைத்துப் பார்க்கும் வேலை. கடைசியில் ஊரோடு வந்துவிட்டேன். பக்கத்திலுள்ள கல்லூரி ஒன்றில் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் பெயரோடு சரி; மே மாதம் சம்பளம் கிடையாது.

போன வருடம் விதைப்புக்கு முன்னால், நைனா ஒரு நோட்டீஸை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தார். தண்ணீரைப் பிடித்துவைக்கும் அதிசயப் பொடி, செயல்விளக்கம், செஞ்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில். "இது நீ படிச்சதுதான கண்ணு?" என்றார். படத்தைப் பார்த்தேன். அவன்தான். கொஞ்சம் சதை போட்டிருந்தான். அவன் பொடியை இப்போது மூட்டைபோட்டு விற்கிறார்கள்.

போயிருக்கக் கூடாது. நைனா கூப்பிட்டார், போனேன். மண்டபத்தில் முந்தின நாள் கல்யாணத்துத் தெர்மாகோல் எழுத்துகள் இன்னும் மேடையில் இருந்தது. ஜோடியின் பெயருக்குக் கீழே மேசை போட்டு, கண்ணாடிக் குடுவைகளை அடுக்கிவைத்திருந்தார்கள். கூட்டத்தை ஏற்பாடு செய்தவர் எங்கள் பக்கத்து உரக்கடைக்காரர். என்னைப் பார்த்ததும் அவன் மேடையிலிருந்து இறங்கியே வந்துவிட்டான். "அக்கா! நீங்க இந்த ஊரா?" என்று கையைப் பிடித்துக்கொண்டான். நைனாவைக் கும்பிட்டான். நைனாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு.

செயல்விளக்கத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்றான். மண்டபத்துப் பையன் குழாயில் பிடித்துக்கொண்டு வந்தான். உரக்கடைக்காரர் பாய்ந்து தடுத்தார். "டேய், அறிவிருக்குதா? மெட்ராஸ்லேர்ந்து வந்திருக்காரு சாரு, அவருக்குப் போயி உப்புத் தண்ணி வெக்கிற! கேன எடுத்துனு வாடா." எங்கள் ஊரில் விருந்தாளிக்கு போர் தண்ணீர் கொடுப்பது மரியாதை இல்லை. கல்யாணமோ சாவோ, வெளியூர்க்காரர் வந்தால் கேன் வரும். உப்பெல்லாம் வடிகட்டி எடுத்த அந்தத் தண்ணீர் ஏறக்குறைய ஆய்வகத் தண்ணீர்தான். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. மரியாதை செய்தார்கள், அவ்வளவுதான்.

பொடியைப் போட்டான். நான் முதல்முறை பார்த்த மாதிரியே உப்பியது. குடுவையைத் தலைகீழாகக் கவிழ்த்தான். ஒரு சொட்டு விழவில்லை. கைதட்டல்.

என் கை தானாக உயர்ந்தது. "தம்பி, அந்தக் குழாய்த் தண்ணியில ஒரு தடவை காட்டு."

அவன் முகத்தில் ஒரு கணம் ஏதோ ஓடியது. அவனுக்குத் தெரியாமலா இருக்கும்? "அக்கா, ஸ்டாண்டர்டு டெஸ்ட் இதுதானே. உங்களுக்குத் தெரியாததா?" என்று சிரித்தான்.

"நெலத்துக்குப் பாயப் போறது அந்தத் தண்ணிதான?"

"யம்மா, சாருக்கு நேரமாவுது. அடுத்து திண்டிவனம் போவணும்" என்றார் உரக்கடைக்காரர். பின்வரிசையில் யாரோ சொன்னது எனக்கு நன்றாகவே கேட்டது: "அந்தத் தம்பிகூடதான் படிச்சுதாம். இதுக்கு வேல கெடைக்கல." நைனா என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தார். "ஒக்காரு கண்ணு. மானத்த வாங்காத."

பேருந்தில் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "பொறாமப்படக் கூடாது. கூடப் படிச்சவன் நல்லா இருந்தா நமக்குதான பெரும."

பொறாமை இருந்தது. இல்லை என்று எங்கே சொன்னேன்? வயிறு எரிந்தது. ஆனால் வயிறு எரிகிறவள் சொல்வதால் சுண்ணாம்பு கரைந்துபோய்விடாது. இதை யாரிடம் சொல்ல?

அடுத்த சந்தைக்கு நைனா கறவை மாட்டை ஓட்டிக்கொண்டு அவலூர்பேட்டை போனார். திரும்பும்போது மாடு இல்லை. மறுநாள் வீட்டு மூலையில் அவன் படம் போட்ட பொடி மூட்டைகள் இருந்தன. அம்மா மாட்டுக்கொட்டகைப் பக்கம் போகவே இல்லை.

நான் இரண்டு டம்ளர்களை எடுத்தேன். ஒன்றில் அம்மா பருப்புக்கு வாங்கி வைத்திருந்த கேன் தண்ணீர், ஒன்றில் போர் தண்ணீர். நைனாவை எதிரில் உட்காரவைத்து இரண்டிலும் ஒரே அளவு பொடி போட்டேன். ஒன்று தயிர் மாதிரி கெட்டியானது. இன்னொன்றில் நாலு பருக்கை மிதந்தது, மேலே தண்ணீர் தளும்பியது. கவிழ்த்ததும் கொட்டியது.

நைனா கெட்டியான டம்ளரை எடுத்து ஆட்டிப் பார்த்தார். "ரெண்டும் தண்ணிதான கண்ணு. ஒண்ணுல வருது, ஒண்ணுல வரலன்னா நீ போட்டதுலதான் இன்னாமோ தப்பு."

"இந்தத் தண்ணியில பருப்பே வேகலியே நைனா!"

"பருப்பு வேற. இது மெட்ராஸ்ல கண்டுபுடிச்சது."

"நானும் மெட்ராஸ்லதான் கண்டுபுடிச்சேன்."

"அப்ப உன்து எங்க? எடுத்துனு வா, போடுவோம்."

என்னிடம் இருந்தது ஒரு சீசா. வயலுக்கு மூட்டை வேண்டும். மூட்டையாகச் செய்ய ஆலை வேண்டும், ஆலைக்காரனிடம் காட்டப் என் பெயர் போட்டு வந்த கட்டுரை வேண்டும், கட்டுரைக்குப் பெரிய எண் வேண்டும். அவர் எழுந்துபோகும்போது, "அந்தத் தம்பி கையில ஒரு வாட்டிகூடத் தப்பல. அதான் அவனுக்கு வேல குடுத்திருக்கான்" என்றார். என்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. மாடு போய்விட்டது, இனி அந்தப் பொடி பலித்தே ஆக வேண்டும் அவருக்கு.

விதைப்பன்று ஆள் கிடைக்கவில்லை. அவனுடைய பொடியை நானே உழவுச் சாலில் தூவினேன். "ரெண்டு சாலுக்கு மட்டும் போடாம வுடு நைனா, அப்பதான் எதனால வெளைஞ்சுதுன்னு தெரியும்" என்று கெஞ்சினேன். "எதுக்கு ரெண்டு சாலப் பட்டினி போடணும்?" என்றார். ஒரு சாலும் விடாமல் தூவி முடித்தேன்.

அந்தப் பட்டம் மழை கேட்ட மாதிரி பெய்தது. பூ எடுக்கும்போது பெய்தது, விழுது மண்ணுக்குள் இறங்கும்போது பெய்தது, காய் பிடிக்கும்போதும் பெய்தது. போர் மோட்டாரைப் போடவே இல்லை. செடியைப் பிடுங்கினால் கொத்துக் கொத்தாகக் காய். பக்கத்து நிலத்துக்காரர் பொடி எதுவும் போடவில்லை. அவருக்கும் அப்படித்தான் காய்த்திருந்தது. நைனாவிடம் காட்டினேன். "அது வேற மண்ணு" என்றார். நைனாவுக்கு நல்ல விளைச்சல் என்று எனக்குச் சந்தோஷம்தான். அதற்காக மனசாரச் சாமி கும்பிட்டேன். ஆனால் அந்த ஒரு வருடம் மட்டுமாவது மழை பெய்யாமல் இருந்திருக்கலாமே என்றும் தோன்றியது. அப்படி நினைக்க வைத்துவிட்டார்களே என்றுதான் ஆத்திரம்.

இந்த வருடமும் கூட்டம் வைத்தார்கள். அதே மண்டபம், மேடையில் வேறு ஜோடியின் பெயர். இந்தமுறை கூட்டம் அதிகம். பயனடைந்த விவசாயி என்று நைனாவை மேடைக்குக் கூப்பிட்டு, அவன் தன் கையால் சால்வை போட்டான். பிறந்ததிலிருந்து நைனா தோளில் ஒருவரும் சால்வை போட்டதில்லை. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அல்லாருக்கும் வணக்கம்" என்றார். "எனக்குப் பேச வராது. நான் இந்தப் பொடி போட்டேன். நல்லா வெளைஞ்சுது. அதோ ஒக்காந்துகுதே, அது எம் பொண்ணு. இதுலியேதான் டாக்டரு பட்டம் வாங்கிச்சு. அதுவே வேணாம்னுச்சு. போடாத நைனான்னு ஒத்தக் கால்ல நின்னுச்சு. நான் கேக்கல. கேட்டிருந்தா இன்னிக்கு இந்த எடத்துல நின்னிருக்க மாட்டேன்."

மண்டபமே சிரித்துக் கைதட்டியது. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் மட்டும் பார்க்கவில்லை. மேசையில் இருந்த குடுவையை இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டிருந்தான்.

நைனா சால்வையோடு இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கு வியர்த்திருந்தது. காதருகே குனிந்து, "நல்லா பேசினனா கண்ணு?" என்று கேட்டார்.

"நல்லா பேசின நைனா" என்றேன்.